மீதிப் பொட்டலம்

கடவுள் உண்டா இல்லையா என்று உலகத்தில் படித்தவர்களெல்லாம் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அன்னூரிலிருந்து அவிநாசி போகும் சாலையில் அந்தச் சந்தேகத்தைத் தினமும் காலை பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் தீர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இடம் ஒரு கோழிப்பண்ணை. கோழிகள் போய்ப் பக்தர்கள் வந்திருந்தார்கள். கோழிகளுக்குத் தண்ணீர் விட்ட குழாய்களைக் கழற்றவில்லை. தீர்த்தம் அதில்தான் வந்தது. வாசலில் இருபதடி நீளத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். "கடவுள் இருக்கிறார்! நம்பச் சொல்லவில்லை, நிரூபிக்கிறோம்!" அதன் கீழே பெட்ரோல் பங்கில் விலை ஓடுமே, அதுபோல் ஒரு மின்பலகை. 'வெள்ளை 11,482. சிவப்பு 0.'

அந்த ஃப்ளெக்ஸை அடித்துக் கொடுத்தவன் நான்தான். பெயர் எழில். அவிநாசியில் ஃப்ளெக்ஸ் கடை. என் அப்பா ஊர் ஊராகப் போய்க் கடவுள் இல்லை என்று மேடையில் பேசியவர். நான் கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டே கும்பாபிஷேகத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துப் பிழைக்கிறவன். சாமி மட்டும் இல்லாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் பகுத்தறிவு வட்டத்தின் மாதக் கூட்டத்தில் இந்த விஷயத்தை நான் எடுத்துப் பேசுவதில்லை. மொத்தம் நான்கு பேர் வருகிற கூட்டம், அதையும் கெடுத்துக்கொள்வானேன்.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமா, வீடு கட்டுவதா, போர்வெல்லா, எதுவானாலும் கோயிலில் பூக் கேட்போம். ஒரு தாளில் வெள்ளை அரளி, இன்னொரு தாளில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். ஆயிரத்து இருநூறு அடி துளைத்துப் புழுதி மட்டும் பார்த்தவன்கூடப் பூவைக் குறை சொல்லமாட்டான். கேட்ட நேரம் சரியில்லை என்பான். பூவின் மேல் எங்களுக்கு அவ்வளவு மரியாதை.

இந்த மரியாதையைத்தான் தம்பிதுரை கண்டுபிடித்தார். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றவர். நம் வீட்டுத் தண்ணீரிலேயே இரண்டு கம்பியை விட்டு, அது காவி நிறமாக மாறுவதைக் காட்டி, "இதைத்தானுங்க தெனமும் குடிக்கறீங்க" என்பார். பார்த்தவர்கள் வாங்கினார்கள். அப்போது தண்ணீரை நிரூபித்தார். இப்போது கடவுளை நிரூபிக்கிறார். ஊர் அவருக்கு நிரூபண சாமி என்று பெயர் வைத்துவிட்டது.

"நம்பாதீங்க!" என்பார் எடுத்த எடுப்பில். "நான் சொல்றேன்னு நம்பாதீங்க. உங்க அப்பன் ஆத்தா சொன்னாங்கன்னும் நம்பாதீங்க. இது சயின்ஸ் காலமுங்க. 'தெய்வமே, நீ இருக்கறது நெசமுன்னா வெள்ளையக் குடு'ன்னு கேட்டு நீங்களே எடுங்க. காசைச் சுண்டுனா பாதி பூ, பாதி தலை. இல்லீங்களா? அப்ப இங்கயும் பாதி சிவப்பு வந்திருக்கோணும். பதினோராயிரம் பேரு எடுத்துப்போட்டாங்க. ஒரு சிவப்பு வரலீங்களே! யாருங்க தடுக்கறது?"

கூட்டம் மேலே பார்க்கும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஒரு மின்விசிறியும் இருந்தன.

இதற்குப் பெயர் இருப்புச் சோதனை. இலவசம். கடவுள் இருப்பது உறுதியானதும், இருக்கிறவரிடம் நாலு விஷயம் கேட்காமல் வீட்டுக்குப் போக யாருக்கு மனசு வரும்? அது வாக்குச் சோதனை. அதற்குக் கட்டணம். அதற்கு ஒரு படிவமும் உண்டு. பெயர், ஊர், கேள்வி எதைப் பற்றி, ஆஸ்பத்திரி என்றால் என்ன நோய், எந்தத் தேதி. எல்லாம் தெரிந்த கடவுளுக்கு எதற்கு விண்ணப்பம் என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் கார்டு முதல் லைசென்ஸ் வரை படிவம் நிரப்பியே வளர்ந்த ஜனங்கள் நாம்.

படிவம் திரைக்குப் பின்னால் போகும். உதவியாள் ராசப்பன் தாம்பாளத்தில் இரண்டு பொட்டலங்களோடு வருவார். "ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு" என்று மூன்று முறை சொல்வார். நாம் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டியது. மற்றதை ராசப்பன் அந்த நிமிஷமே ஓமகுண்டத்தில் போட்டுவிடுவார். "ஆண்டவன் ஒதுக்குனதை மனுசன் பாக்கப்படாது. பாத்தா குடும்பத்துக்கு ஆகாது" என்பது சாமியின் வாக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பிப் போனேன். கையில் இருபத்திரண்டு பக்கக் குறிப்பு. மைக்கைக் கொடுத்தார்கள். மைக் கையில் வந்தால் எனக்கு மேடைத்தமிழ் வந்துவிடும், பரம்பரை வியாதி.

"எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்றால், கடவுளுக்குக் காரணம் எது?" என்று ஆரம்பித்தேன்.

"அருமையான கேள்விங்க! எல்லாரும் கை தட்டுங்க" என்றார் சாமி. தட்டினார்கள். தட்டி முடித்ததும் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் எழுந்தார். அன்புக்கரசி என்று பெயர். பண்ணைக்கு அன்றாடம் வருகிறவர். "ஏனுங்க, எனக்கு வெள்ளை வந்தப்ப உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. கண்ணுல தண்ணி நிக்கலீங்க. அது பொய்யாக்கும்?"

"நீங்க சிலுத்தது நெசந்தானுங்க. ஆனா..." என்றேன்.

"நெசமுன்னு அவரே சொல்லிப்போட்டாரு!" என்று சாமி கத்த, ஷெட்டே அதிர்ந்தது. 'ஆனா'வுக்குப் பின்னால் நான் பேசிய பதினைந்து நிமிஷத்தை என்னைத் தவிர யாரும் கேட்கவில்லை.

பிறகு என்னையே எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெள்ளை. முகர்ந்து பார்த்தேன், சாயம் அடித்திருக்கிறார்களா என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன், தாளுக்குள் காந்தம் இருக்கிறதா என்று தடவினேன். வெறும் அரளி. பலகையில் 11,483 ஓடியது. நான் குனிந்த தலையோடு வெளியே வந்தபோது ராசப்பன் எனக்கும் ஒரு டம்ளர் தீர்த்தம் கொடுத்தார். கோழி வாசம் அடித்தது.

மறுநாள் காலை ராசப்பன் பென் டிரைவோடு என் கடைக்கே வந்தார். "நாத்திகரே எடுத்தார் வெள்ளைப் பூ!" பத்துக்கு எட்டு அடியில் ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் பூவைக் கையில் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் என் படம். கொள்கை வேறு, தொழில் வேறு. அடித்துக் கொடுத்தேன். மூக்கு கொஞ்சம் கோணலாக விழுந்திருந்ததால் அதைத் திருத்தியும் கொடுத்தேன்.

அதைக் கொண்டுபோய்ச் சாலையோரத்தில் கட்டியது மாசாணண்ணன். என் கடை ஃப்ளெக்ஸ்களைச் சாரம் ஏறிக் கட்டுவது அவர் வேலை. ஐம்பதடி உயரத்தில் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சுப் போடுவார். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கால் நடுங்கும். அவருடைய அக்கா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

இப்போது அவர் மனைவி மாரியாத்தாளுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. ஆறு மாதமாக உதிரப்போக்கு. இருபத்திரண்டு வருஷமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற மாரியக்கா, நின்றபடியே மயங்கி விழுந்து, அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, வியாழக்கிழமை என்று தேதியும் குறித்தாகிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட இருப்பவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாசாணண்ணன் என் படத்தைக் கட்டி முடித்து இறங்கியவர், அப்படியே உள்ளே போய்ப் பூ எடுத்திருக்கிறார். வெள்ளை. அங்கேயே படிவமும் நிரப்பி, ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். சிவப்பு. நாற்பத்தெட்டு நாள் தீர்த்தம் குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று சாமி சொல்லி, முதல் இரண்டு கேனையும் கையோடு கொடுத்துவிட்டார்.

சேதி தெரிந்ததும் அவரைக் கடைக்குள் உட்காரவைத்துப் பேசினேன். கருப்பை என்றால் என்ன, கட்டி என்றால் என்ன, தண்ணீர் குடித்தால் அது எங்கே போகும், எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூவு சிவப்புங்க தம்பி" என்றார் கடைசியில். "தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டனுன்னா, நானே அவளக் கொன்ன மாதிரி ஆயிருமுங்க."

"அது பித்தலாட்டமுங்கண்ணா. பூவுக்கு ஏதுங்க அறிவு?"

"நீங்களே வெள்ளை எடுத்தீங்களே தம்பி. நான்தான உங்க படத்தைக் கட்டுனேன்."

அத்தனை வருஷம் ஊரார் அறியாமையைக் கிண்டல் செய்தவன், அன்று என்னை நினைத்து வெட்கப்பட்டேன். மாரியக்கா செத்துப்போனால் அதில் பத்துக்கு எட்டு அளவில் என் பங்கும் இருக்கிறது.

பக்கத்துக் கடை மெத்தை வியாபாரி அப்துல் வஹீது பாய், பஞ்சு ஒட்டிய கையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மாசாணண்ணன் போனதும் உள்ளே வந்தார்.

"நானும் அஞ்சு வேளை தொழுகறவன்தானுங்க எழிலு" என்றார். "படைச்சவன் இருக்கானான்னு பொட்டலம் பிரிச்சுப் பாக்கோணும்னு எனக்கு ஒருநாளும் தோணுனதில்லீங்க. இருபத்திரண்டு பக்கம் எழுதிப் பாக்கோணும்னும் தோணுனதில்லை. அதை உடுங்க. அந்த அம்மணிய எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது, அதைச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை மாரியக்காவே கடைக்கு வந்தார். முகம் வெளுத்து, படியேறியதற்கே மூச்சு வாங்கியது.

"தம்பி, நாளைக்கு அந்தச் சாமிகிட்ட நானும் வாரேன்னு இவருகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. என்ற வயித்துக்கு நானே பூ எடுக்கறேன். வெள்ளை வந்தாக் கையெழுத்து, சிவப்பு வந்தாத் தீர்த்தம்னு ஒப்புக்கிட்டாரு. நீங்களும் வரோணும்."

"கட்டாயம் வாரேனுங்கக்கா. சாமிகிட்ட மூணு கேள்வி தயாரா வெச்சிருக்..."

"வந்து பேசாம இருக்கோணும்" என்றார்.

புதன்கிழமை பாயின் டெம்போவில் போனோம். ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. ஒருமுறை சிவப்பு வந்தவர்களே மறுபடி கேட்க வந்திருக்கிறார்கள் என்றதும் சாமிக்குப் பரம சந்தோஷம். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி நேரலையும் போட்டுவிட்டார். கட்டணம் மறுபடியும் வாங்கிக்கொண்டார். கடவுளுக்கு முந்தாநாள் ரசீது செல்லாது.

ராசப்பன் தாம்பாளத்தை நீட்டினார். "ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல சிவப்பு." மூன்று முறை.

மாரியக்கா கண்ணை மூடி, தன் மாரியம்மனை உதட்டுக்குள் கூப்பிட்டு, வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

கூட்டம் உச்சுக்கொட்டியது. மாசாணண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ராசப்பனின் கை வழக்கம்போல் மற்ற பொட்டலத்துக்கு நீண்டது. மாரியக்கா அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"சித்த இருங்க. இதையும் பிரிச்சுப் பாத்துறலாமுங்க."

சாமி சிரித்தார். "அம்மணி, அது ஆண்டவன் ஒதுக்குனது. பாக்கப்படாது."

"இதுல என்ன பூவுங்க இருக்கும்?"

"வெள்ளைதான்."

"வெள்ளைன்னு உங்களுக்குந் தெரியும், எனக்குந் தெரியும், இத்தனை சனத்துக்குந் தெரியும். தெரிஞ்சதைத்தானுங்களே பாக்கப்போறோம்? அதுலென்னங்க தப்பு?"

சாமி இருபத்திரண்டு பக்கக் கேள்விகளுக்குத் தயாராக இருந்தவர். இதற்குத் தயாராக இல்லை. "குடும்பத்துக்கு ஆகாதுங்க" என்று குரலை உயர்த்தினார்.

"நாளைக்கு என்ற வயித்தக் கிழிக்கறாங்களா, இல்ல கிழிக்காமயே நான் போயிருவனான்னு நின்னுட்டிருக்கறேன். இதுக்கு மேல ஆகாம என்னங்க இருக்குது?"

சொல்லிக்கொண்டே பிரித்துவிட்டார். சிவப்பு.

நான் வாயைத் திறந்தேன். பாய் என் தொடையில் கிள்ளினார். மூடிக்கொண்டேன்.

தம்பிதுரையைச் சும்மா சொல்லக்கூடாது, மெஷின் விற்ற வாய். மூன்று விநாடியில் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "ரெட்டைச் சிவப்பு! பாத்தீங்களாங்க அதிசயத்தை! வேண்டாம் வேண்டாம்னு ஆண்டவன் ரெண்டு தடவை சொல்றான்! வெள்ளையவே சிவப்பா மாத்திப்போட்டான்!"

நம்பமாட்டீர்கள், பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "ரெட்டைச் சிவப்பு, ரெட்டைச் சிவப்பு" என்று பின்வரிசை வரை சேதி போனது. மாசாணண்ணனும் எழுந்து கைகூப்பினார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நினைத்தேன்.

மாரியக்கா இரண்டு பூவையும் ஒரே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டேமேஜ் பீஸைப் பார்க்கிற பார்வை.

"எங்க கம்பெனில ஒரு பீஸ் டேமேஜா வந்தா, தைச்சவங்க கவனிக்கலீன்னு சொல்லி எடுத்து வெச்சுருவோமுங்க" என்றார் நிதானமாக. "அடுத்ததும் அதே எடத்துல அதே டேமேஜா வந்தா, பெட்டிய ஒட்டுக்காக் கொட்டிப்போட்டுப் பாப்போம். ஏனுங்க ராசப்பண்ணா, மடிச்சு வெச்சிருக்கற மிச்சத்தையும் கொண்டாங்க. ஆண்டவன் அதையும் மாத்திப்போட்டானான்னு பாத்துறலாம்."

ராசப்பன் சாமியைப் பார்த்தார். சாமி நேரலையைப் பார்த்தார். அதை நிறுத்த ஸ்டாண்டை நோக்கி அவர் ஓரடி வைப்பதற்குள் முன்வரிசையிலிருந்து அன்புக்கரசி அம்மாள் எழுந்து திரைக்குப் பின்னால் போய்விட்டார். அவருக்குச் சந்தேகம் எதுவுமில்லை. அதிசயத்தை முதலில் பார்க்கிற ஆசை.

மூன்று பிளாஸ்டிக் கூடைகளை இழுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'இருப்பு.' 'ஆஸ்பத்திரி.' 'நிலம்.'

பெண்கள் வளைத்து உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். இருப்புக் கூடையில் எல்லாம் வெள்ளை. ஆஸ்பத்திரிக் கூடையில் எல்லாம் சிவப்பு. நிலத்துக் கூடையில் மறுபடி எல்லாம் வெள்ளை. பெருந்துறைப் பக்கம் சாமியின் மச்சினன் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஆண்டவன் அதற்கு மட்டும் மறுப்பே சொன்னதில்லை.

அன்புக்கரசி அம்மாளின் மடி நிறைய வெள்ளை அரளி. கோபப்படக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்குச் சிலுத்துதுங்களே" என்றார் மெதுவாக. "நெசமாலுமே சிலுத்துதுங்க. அப்ப அது என்னங்க?"

மாரியக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "சிலுத்தது நீங்கதானுங்கக்கா. அதை யாரு இல்லைன்னது? உங்க மனசு உங்களோடது. அதைக் கொண்டுபோய் இந்தாளு எழுதி வெச்ச பலகைல எதுக்குங்க சேக்கறீங்க?"

பிறகு ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, இரண்டு தாளில் மடித்தார். அன்புக்கரசி அம்மாள் முந்தானைக்குள் வைத்துக் குலுக்கித் தாம்பாளத்தில் போட்டார்.

"சாமி, பதினோராயிரம் பேரை எடுக்கச் சொன்னீங்க. நீங்க ஒருக்கா எடுங்க. ஆண்டவன் இருந்தா வெள்ளை. நீங்க சொன்னதுதானுங்களே."

தம்பிதுரைக்கு வியர்த்தது. நேரம் சரியில்லை என்றார். உங்க நேரத்துக்குத்தான வந்தோம் என்று பின்வரிசை கத்தியது. வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

அவ்வளவுதான், எனக்குள்ளிருந்த என் அப்பா எழுந்துவிட்டார். பெஞ்சின் மேல் ஏறினேன். "தோழர்களே! பார்த்தீர்களா! கடவுள் இல்லை என்பது இன்று இங்கே நிரூ..."

"தம்பி, எறங்குங்க" என்றார் மாரியக்கா. "வெள்ளை வந்தப்பப் பூவுக்கு அறிவில்லைன்னு சொன்னீங்க. சிவப்பு வந்ததும் அதுக்கு அறிவு வந்துருச்சுங்களா?"

இறங்கினேன். வஹீது பாய் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி நழுவியது.

"இன்னொருக்கா எடுக்கறேனுங்க" என்று கெஞ்சினார் தம்பிதுரை. எடுத்தார். வெள்ளை! இரண்டு பேர் கைகூப்பினார்கள். மறுபடி எடுத்தார். சிவப்பு. கூப்பிய கையை இறக்கினார்கள். ஒன்பது முறை எடுத்தார். ஐந்து சிவப்பு, நான்கு வெள்ளை. காசைச் சுண்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது. அந்த ஷெட்டில் சாமி காட்டிய உண்மையான சயின்ஸ் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்தது வழக்கமானது. கேன்கள் உருண்டன, சட்டைக் காலர் ஒன்று கிழிந்தது, ராசப்பன் பின்பக்கக் கதவால் போனார். அடிக்கப் போன இரண்டு பேரை மாரியக்காதான் தடுத்தார். "அவரு பொய் சொன்னாரு, சரி. நாம எத்தனை நாளா வரிசைல நின்னோம்?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி. மாரியக்காவைப் பச்சை உடுப்பில் படுக்கவைத்திருந்தார்கள். டாக்டர் அக்ஷயா தாளை நீட்டினார். சின்ன வயது, அவசரமாக இருந்தார். "பயப்படாதீங்க. இந்த ஆபரேஷன் நாங்க நெறையப் பண்ணியிருக்கோம். எல்லாரும் நல்லா ஊட்டுக்குப் போயிருக்காங்க."

மாசாணண்ணன் பேனாவை வாங்கினார். போடவில்லை. ஐயோ, பழைய பயம் திரும்பிவிட்டது என்று நான் நினைத்தேன்.

"டாக்டரம்மா, நல்லா ஆனவங்களைச் சொன்னீங்க" என்றார். "ஆகாதவங்களையுஞ் சொல்லுங்க. எத்தனை பேருங்க? எதனால ஆகலீங்க? இதைச் செய்யாம உட்டா என்ன ஆகும், அதையுஞ் சொல்லுங்க. எல்லாத்தையுங் கேட்டுப்போட்டுக் கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரத்தம் அதிகம் போகலாம், சீழ் பிடிக்கலாம், நூற்றில் ஒருவர் இருவருக்குச் சிக்கல் வந்திருக்கிறது, உயிர் போவது அபூர்வம் என்றாலும் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் இதைச் செய்யாவிட்டால் அடுத்த உதிரப்போக்கை இந்த உடம்பு தாங்காது. எதையும் மறைக்காமல் சொன்னார். மாசாணண்ணன் இடையில் இரண்டு முறை இறந்துபோன தன் அக்காவைப் பற்றிக் கேட்டார். அதற்கும் பதில் சொன்னார்.

எல்லாம் கேட்டு முடித்து, மனைவி முகத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பயம் போய்விட்டது என்று யார் சொன்னது? பயத்தோடுதான் போட்டார். என் இருபத்திரண்டு பக்கத்தில் இல்லாத பகுத்தறிவு அந்த ஒரு கையெழுத்தில் இருந்தது.

மாரியக்காவைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் உதடு அசைந்தது. மாரியம்மனைத்தான் கூப்பிட்டார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. பாய் கிள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, கட்டியை எடுத்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று வந்து சொன்னார்கள்.

தம்பிதுரை இப்போது வேறு ஊரில் வேறு பெயரில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. மூன்று பொட்டலமாம். பொட்டலம் கூடினால் விஞ்ஞானமும் கூடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அங்கேயும் கூட்டத்துக்குக் குறைவில்லையாம்.

நீங்கள் கும்பிடுங்கள், கும்பிடாமல் இருங்கள், அது உங்கள் பாடு. ஆனால் கடவுளுக்குச் சாட்சி சொல்ல எவனாவது வந்து நின்றால், அவனைக் குறுக்குக் கேள்வி கேளுங்கள். கடவுள் இருந்தால் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்ளவே முடியாது. ஆகையால் யாருக்குக் கோபம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் பையில் கைவைத்திருக்கிற ஆள் அவர்தான்.